வடக்கு அரண்மனைக்கு ஒரு ராணி

மியிந்தா நகரத்து அரசர் கொலுமண்டபத்துப் படியில் வழுக்கி விழுந்து செத்துப்போனார். அரசரைத் தொட்டுத் தூக்கும் உரிமை மூன்று பேருக்குத்தான் இருந்தது. ஒருவர் ஊரில் இல்லை. ஒருவர் நோன்பில் இருந்தார். மூன்றாமவர், எந்தக் கையால் தூக்குவது என்று அரண்மனைச் சோதிடரான பொன்னாவிடம் கேட்டு வரப் போயிருந்தார். அவர் திரும்புவதற்குள் அரசர் அவசரப்பட்டுவிட்டார்.

அரசர் போனதில் அரண்மனைக்குப் பெரிய கவலை ஒன்றும் இல்லை. அவருக்குத் தம்பிமார் மூன்று பேர், மூவரும் தயாராகத்தான் இருந்தார்கள். கவலை வடக்கு அரண்மனையைப் பற்றி. மியிந்தாவில் தெற்கு, வடக்கு, மேற்கு, நடு என்று நான்கு அரண்மனைகள். நான்கிலும் ஒவ்வொரு ராணி. அரசர் மாறினாலும் ராணிகள் மாறுவதில்லை. சிம்மாசனத்தில் எவர் உட்காருகிறாரோ அவருக்கே வெள்ளைக் குடை, வெள்ளை யானை, நான்கு ராணிகள். வீட்டை விற்றால் கிணற்றைத் தோளில் தூக்கிக்கொண்டா போக முடியும்? ஆனால் இந்த முறை, அடுத்து வரப்போகிற தம்பி யார் என்பது காதில் விழுந்ததுமே வடக்கு ராணி தலையை மழித்துக்கொண்டு ஐராவதி ஆற்றைத் தாண்டி ஒரு மடத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு திசை காலியாக இருந்தால் நாடு அந்தப் பக்கம் சாய்ந்துவிடும் என்றார் பொன்னா. காலையில் தம் வீட்டுத் தண்ணீர்ப் பானை வடக்குப் பக்கமாகச் சரிந்திருந்ததைத் தாமே பார்த்ததாகவும் சொன்னார். வடக்கு, வெள்ளிக்கிழமைக்கு உரிய திசை. ஆகவே உச்சிப்பொழுதில் பட்டாபிஷேகம் தொடங்குவதற்குள் வெள்ளிக்கிழமை பிறந்த ஒரு பெண் வேண்டும்.

அந்த நேரம் பார்த்து மீ தெய்ங்கி வடக்கு வாசலுக்கு வந்து சேர்ந்தாள். தலையில் கூடை, கூடையில் நாற்பது கருப்பட்டி. பட்டாபிஷேகப் பலகாரத்துக்கு ஊருக்கொரு கூடை என்று உத்தரவு போயிருந்தது. புருஷன் தூன் பனையேறி. அவன் இறக்குவான், அவள் காய்ச்சுவாள். கல்யாணமாகி ஒரு வருஷம். காலையில்கூட ஒரு ஓட்டைக் கலயத்துக்காக இருவரும் சண்டை போட்டிருந்தார்கள். சமாதானத்தைச் சாயங்காலத்துக்கு ஒத்திப்போட்டுவிட்டு வந்திருந்தாள்.

"ஏம்மா, நீ என்ன கெழமை பொறந்த?" என்று காவல்காரன் கேட்டான்.

கோயிலில் எந்த மூலையில் தண்ணீர் ஊற்றுவது என்று பார்க்கப் பிறந்த கிழமையை எல்லாரும் எல்லாரிடமும் கேட்பதுதான். கிழமை வாரியாக ஏதோ தானம் கொடுக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, "வெள்ளி" என்றாள்.

"நெசமாவா?"

"எங்கம்மா பொய் சொல்ல மாட்டா."

காவல்காரன் தடாலென்று அவள் காலடியில் விழுந்தான். யாரோ பெரிய மனிதர் பின்னால் வருகிறார் என்று நினைத்து அவளும் கூடையை இறக்கி வைத்துவிட்டு விழுந்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் கும்பிட்டுக்கொண்டு புழுதியில் கிடந்தபோது தலைமை அமைச்சர் வந்தார். அவருடைய பட்டப்பெயரைச் சொல்லி முடிக்க ஒரு வெற்றிலை மெல்லும் நேரமாகும். அரண்மனையில் சுருக்கமாகத் தீரி என்பார்கள்.

"எழுந்திரிங்க தாயே. ராணி யாரையும் கும்பிடக் கூடாது" என்றார் தீரி.

"யாருங்க ராணி?"

"அதைப் பத்தி இனிமே நீங்க கவலைப்பட வேண்டாம்."

விஷயம் புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும், "எனக்குப் புருஷன் இருக்காருங்க" என்றாள்.

"ராணிகளுக்குப் புருஷன் இருக்கறது வழக்கம்தான். உங்களுக்கு முன்னாடி இருந்தவங்களுக்கு நாலு பேர்."

"அடுப்புல பதனி கொதிக்குதுங்க. நான் போய் எறக்கலன்னா தீஞ்சி போயிரும்."

"அதை மந்திரிசபை கவனிக்கும்" என்றார் தீரி. அவர் சொன்ன சொல் தவறாதவர். மூன்றாவது மாதம் மந்திரிசபை கூடி, கொப்பரையை அடுப்பிலிருந்து இறக்கலாம் என்று ஏகமனதாக முடிவு செய்து ஓலை அனுப்பியது.

முதலில் பெயரை எடுத்தார்கள். மீ தெய்ங்கி என்று ஒரு ஓலையில் எழுதி, எரித்து, சாம்பலை ஆற்றில் கரைத்துவிட்டு வந்தார்கள். பதிலுக்கு அவளுக்குப் பதினேழு சொல்லில் ஒரு பட்டம் கிடைத்தது. அதில் சந்திரன் இரண்டு முறையும் தாமரை மூன்று முறையும் வந்தன. பிறகு முகத்தில் ஒரு விரற்கடை கனத்துக்குச் சந்தனம்போல் தனக்கா மரப்பட்டையை அரைத்துப் பூசி, அதன்மேல் பொன்தூள் தூவினார்கள். கண்ணாடியில் பார்த்தபோது மூக்கு எங்கே இருக்கிறது என்பதுகூட அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை.

உச்சிப்பொழுதில் அவளைத் தூக்கிக்கொண்டுபோய்ப் புது அரசரின் இடப்பக்கத்தில் உட்கார வைத்தார்கள். சங்கு முழங்கும் சத்தத்தில் அவள் மெதுவாகச் சொன்னாள்.

"ராஜா, தப்பா என்னப் புடிச்சிட்டு வந்துட்டாங்க. நான் வீட்டுக்குப் போகணும்."

அரசர் உதட்டை அசைக்காமல் சொன்னார்: "எனக்கும்தான். தம்பி ரெண்டு பேரும் எங்க உக்காந்திருக்கானுங்கன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லேன். நான் தலையைத் திருப்பக் கூடாதாம்."

இப்படியாக மீ தெய்ங்கியின் ராணி வாழ்க்கை தொடங்கியது. அதற்கு ஆசான், ஷின் ப்வா என்ற தலைமைத் தாதி. ராணியைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அவள் வேலை. வேலை என்றால் வேலைதான். ராணி தூங்கும்போதும் பார்த்தாள்.

ராணியின் கால் தரையில் படக் கூடாது. கட்டிலிலிருந்து சன்னலுக்கு ஒன்பது அடி தூரம். அதைக் கடக்க எட்டுப் பேர் சுமக்கும் பல்லக்கு வரும். பல்லக்கு அந்த அறையைவிட நீளம். முன்னால் தூக்குகிறவர்கள் சன்னல் வழியாக வெளியே இறங்கி மல்லிகைப் பாத்தியில் நின்றால்தான் பின்னால் தூக்குகிறவர்கள் கட்டிலை விட்டு நகர முடியும். சன்னலுக்குப் போய்ச் சேரும்போது சன்னலில் பார்க்க ஒன்றும் இருக்காது, நான்கு ஆட்களின் முதுகுதான் இருக்கும்.

ராணி கொட்டாவி விட்டால் அதற்குப் பொருள் உண்டு. இரண்டாம் வாரம் அவள் தெரியாத்தனமாகக் கிழக்கே பார்த்து ஒன்று விட்டாள். பொன்னா மூன்று நாள் கணித்தார். அதன் முடிவாக ஆற்றங்கரைக் கிராமங்கள் இரண்டை மாடு, கன்று, கோயில் மணி உட்பட எடுத்துக்கொண்டுபோய் மேட்டில் வைத்தார்கள். அன்றிலிருந்து அவள் தூக்கம் வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்கோ யாரோ வீட்டைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள் என்று நினைத்தாலே கொட்டாவி உள்ளே போய்விடும்.

தெற்கு அரண்மனை ராணி வெற்றிலைச் சாறு துப்பும் காளாஞ்சி தங்கள் ராணியின் காளாஞ்சியைவிட அரை விரல் உயரம் என்று வடக்கு அரண்மனைத் தாதிகள் ஒரு மாதம் பட்டினி கிடந்தார்கள். தெய்ங்கி வெற்றிலை போடுவதே இல்லை. அதை யாரும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் ஒரே ஒரு காரியத்தைத்தான் விடாமல் கேட்டாள். "நான் எப்ப வீட்டுக்குப் போறது?"

"மகாராணி இப்ப வீட்டுலதான் இருக்கீங்க" என்பாள் ஷின் ப்வா, கண்ணை எடுக்காமல்.

தூன் முதல் நாள் சாயங்காலமே வடக்கு வாசலுக்கு ஓடி வந்திருந்தான்.

"எம் பொண்டாட்டி காலையில கருப்பட்டி குடுக்க வந்தாங்க. இன்னும் திரும்பல."

"கருப்பட்டி வந்துச்சு" என்றான் காவல்காரன். "பொம்பள யாரும் வரல. மகாராணி ஒருத்தங்க வந்தாங்க."

"கூடை தூக்கிட்டு வந்தாளே, கோடுபோட்ட துணி கட்டியிருந்தா..."

"அது மகாராணி. தள்ளி நில்லு."

மனைவியைக் காணோம் என்று மனுப்போடச் சொன்னார்கள். வடக்குப் பக்கத்துக் கிராமத்து மனுக்களை விசாரிக்கிறவர் யாரென்றால் வடக்கு அரண்மனை ராணிதான். ஒன்றரை மாதம் கழித்துத் தூனைத் திரைக்கு வெளியே குப்புறப் படுக்க வைத்தார்கள். திரைக்கு உள்ளே தெய்ங்கி. அவன் தொண்டையைச் செருமியபோதே அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. எழுந்து ஓடப் பார்த்தவளைத் தாதிகள் ஆறு பேர் பிடித்துக்கொண்டார்கள். ராணி மனுதாரனோடு நேரே பேசக் கூடாது. ஷின் ப்வாவிடம் சொல்ல வேண்டும், அவள் எழுத்தனிடம், அவன் அமைச்சரிடம், அவர் காவல்காரனிடம், காவல்காரன் மனுதாரனிடம்.

"எப்படிய்யா இருக்க? சாப்புட்டியா?" என்றாள் தெய்ங்கி, அழுகையை அடக்கிக்கொண்டு.

அது நான்கு வாய் தாண்டித் தூனிடம் போய்ச் சேர்ந்தபோது, "மகாராணி உன் வயிற்றை விசாரிக்கிறார்" என்று ஆகியிருந்தது.

தூன் தரையோடு இன்னும் ஒட்டிக்கொண்டான். "வயித்துக்கு ஒண்ணுமில்லீங்க. பொண்டாட்டியத்தான் காணோம்."

"அவன் பொண்டாட்டிய அவன்கூட அனுப்பி வைங்க. இது என் உத்தரவு" என்றாள் தெய்ங்கி.

தீரி நெகிழ்ந்துபோனார். "மகாராணியோட முதல் தீர்ப்பு. என்ன நியாயம், என்ன கருணை. ஒரு எழுத்து பிசகாம நிறைவேத்துவோம் தாயே" என்று சொல்லி, நாற்பது குதிரைக்காரர்களை அனுப்பி மீ தெய்ங்கியை நாடு முழுக்கத் தேடச் சொன்னார். அவர்கள் இருபது நாள் தேடினார்கள். மலை வரைக்கும் போய்வந்தார்கள். அப்படி ஒருத்தி எங்கும் இல்லை என்று அறிக்கை வந்தது. பெயரின் சாம்பல் ஆற்றில் கரைந்ததற்கு மட்டும் சாட்சி இருந்தது. ஆகவே அவள் இறந்துவிட்டாள் என்று சபை முடிவுகட்டியது.

ஏழை மனுதாரன் என்பதால் மீ தெய்ங்கியின் புண்ணிய தானத்தை அரண்மனையே நடத்திக்கொடுத்தது. ராணிதான் திரைக்கு உள்ளிருந்து தலைமை தாங்கினாள். துறவிகள் ஓத, தூன் கண்ணீரும் கம்பலையுமாகக் கிண்ணத்தில் தண்ணீர் வார்த்தான். செத்தவளுக்கு நற்கதி கிடைக்க ராணியும் நன்று என்ற பொருளில் 'சாது, சாது' என்று சொல்ல வேண்டும். தெய்ங்கி சொல்ல மறுத்தாள். ஷின் ப்வா அவள் முதுகில் விரலால் குத்தினாள்.

"சாது" என்றாள் தெய்ங்கி, உரக்க. "ஓட்டக் கலயத்த வாங்கிட்டு வந்ததும் நீதான், பழிய எம்மேல போட்டதும் நீதான். சாது."

தூனின் கையில் இருந்த செம்பு நழுவியது. திரையைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். அதன் பிறகு அவன் மனுப்போடவில்லை. தினமும் விடியற்காலையில் நான்கு பனை ஏறிவிட்டு, ஒரு கருப்பட்டியைப் பனையோலையில் பொதிந்து எடுத்துக்கொண்டு வடக்கு வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தான். "மகாராணிக்குக் குடுங்க" என்பான். வேறு ஒன்றும் பேச மாட்டான்.

ராணி நாட்டுப்புறத்துப் பண்டம் சாப்பிடக் கூடாது. ராணிக்கு வந்ததை வேறு மனிதர் தொடவும் கூடாது. ராணிக்குச் சமமான தகுதி உள்ளது அரண்மனையில் வெள்ளை யானை ஒன்றுதான். ஆகவே தூனின் கருப்பட்டி தினமும் யானைக்குப் போயிற்று. சன்னல் வழியாக, ஆட்களின் முதுகு இடைவெளியில், யானை கண்ணை மூடிக்கொண்டு அதைச் சப்புவதைத் தெய்ங்கி பார்ப்பாள். அவன் இன்றும் வந்திருக்கிறான் என்று தெரிந்துகொள்ள அவளுக்கு இருந்த வழி அது ஒன்றுதான். நாளெல்லாம் அதை நினைத்துக்கொண்டே இருப்பாள்.

மழைக்காலம் தொடங்கியதும் முதல் தம்பி குளிக்கும்போது செத்துப்போனார். இரண்டாவது தம்பி வந்தார். தெய்ங்கியைத் தூக்கிக்கொண்டுபோய் அவருடைய இடப்பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அவர் நாற்பது நாள் இருந்தார். பிறகு மூன்றாவது தம்பி. மூன்றாவது தம்பி அபிஷேகத்தின்போது அவளைக் கூர்ந்து பார்த்து, "உன்னை எங்கேயோ பாத்திருக்கேனே" என்றார். அண்ணன்மார் இருவருக்குப் பக்கத்திலும் பார்த்திருப்பார். அவரும் தூரியன் பழம் சாப்பிட்ட கையோடு ஒரு பீப்பாய்க் கள்ளைக் குடித்துச் செத்துப்போனதாகச் சீக்கிரமே அறிவித்தார்கள்.

தெய்ங்கி தீரியை அழைத்து நேரே கேட்டாள். "இந்த ராஜாங்களை எல்லாம் யாரு கொல்றா?"

தீரி மனம் புண்பட்டுப்போனார்.

"என்ன வார்த்தை தாயே சொல்லிட்டீங்க. யாரும் கொல்றதில்ல. ராஜாங்க முடிஞ்சிடறாங்க. நான் பதினோரு ராஜாவைப் பாத்தவன். வரும்போது எல்லாரும் நல்லாத்தான் வர்றாங்க. தலையை மட்டும் ஆட்டுங்க மகாராஜா, மத்ததை நாங்க பாத்துக்கறோம்னு கால்ல விழுந்து சொல்றோம். கொஞ்ச நாள் ஆட்டறாங்க. அப்புறம் ஒருநாள், 'ஏன்?'னு கேக்கறாங்க. அப்படிக் கேக்க ஆரம்பிச்சா உடம்புக்கு ஆகறதில்ல. எனக்கு ராஜபக்தி இருக்கறதாலதான் இதைச் சொல்றேன். ராஜா இல்லாத நாள்ல இந்த அரண்மனை எவ்வளவு ஒழுங்கா நடக்குது தெரியுமா? ஆனா ராஜா இல்லாம நாங்க யாருக்கு விசுவாசமா இருக்கறது?"

இதைச் சொல்லும்போது அவர் கண்ணில் உண்மையாகவே நீர் கோத்திருந்தது.

தம்பிமார் தீர்ந்துபோயிருந்தார்கள். சபை ஆறு நாள் கூடியது. அரச ரத்தம் இருக்கிறதா என்று தூரத்து உறவினர்களை எல்லாம் விசாரித்ததில், எல்லாரும் தங்களுக்கு அப்படி எதுவும் இல்லை என்று துறவிகள் முன்னால் சத்தியம் செய்தார்கள். ஏழாம் நாள் ராணிகளும் சபையில் உட்கார்ந்திருந்தார்கள். தெய்ங்கி யானையை நினைத்துக்கொண்டிருந்தாள். கருப்பட்டி வாசனை எங்கே இருந்தாலும் யானை அதைத் தேடிப் போகும் என்பது அவளுக்குத் திடீரென்று தோன்றியது.

"யானைய அவுத்து விடுங்க. அது யாருக்கு முன்னால மண்டி போடுதோ அவரு ராஜா" என்றாள்.

சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. ராணி சொன்னதால் அல்ல. அப்படி ஒரு வழக்கம் பழைய ஓலையில் உண்மையாகவே இருந்தது, பொன்னாவுக்குத்தான் மறந்துபோயிருந்தது. தமக்கும் அதே நொடியில் அதுதான் தோன்றியது என்று அவர் சொன்னார்.

தெய்ங்கிக்கு இருந்த ஒரே கவலை, தூன் அந்த நேரம் அங்கே இருக்க வேண்டுமே என்பது. "நாளைக்குக் கருப்பட்டியோட வந்து வாசல்லயே நில்லு, நான் சொல்ற வரைக்கும் எங்கயும் போயிடாதே" என்று நான்கு வாய் வழியாகச் சொல்லி அனுப்பினாள். அது, "வாசலை விட்டு நகரக் கூடாதென்று மகாராணி உனக்குத் தண்டனை விதித்திருக்கிறார்" என்று போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலையில் அவன் வந்து நின்றதும் காவல்காரர்கள் கருப்பட்டியும் கையுமாக அவனை வாசல் தூணில் கட்டிப்போட்டார்கள். அரண்மனை அவள் விருப்பப்படி ஒரு காரியம் செய்தது அந்த ஒரு தடவைதான்.

யானைக்குப் பொன் முகபடாம் கட்டி, துதிக்கையில் மாலை கொடுத்து அவிழ்த்து விட்டார்கள். படைத்தலைவர் வழியில் நின்று அதைப் பார்த்துப் புன்னகைத்தார். யானை அவரை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. காலையில் வர வேண்டியது வரவில்லை என்ற கோபத்தோடு நேரே வடக்கு வாசலுக்குப் போயிற்று. தூணோடு சேர்த்துத் தூனைத் தடவிப் பார்த்தது. கருப்பட்டி கீழே விழ, அதை எடுக்க முன்னங்கால் இரண்டையும் மடக்கியது.

அந்த நொடியே எல்லாரும் குப்புற விழுந்துவிட்டார்கள். அரசரின் முகத்தைப் பார்ப்பது குற்றம். கட்டை அவிழ்த்தவர்கள்கூடக் கண்ணை மூடிக்கொண்டுதான் அவிழ்த்தார்கள். தீரி அவனுடைய பாதத்தைப் பார்த்துப் பேசினார். பனையேறிப் பனையேறிக் காய்ப்பேறிய பாதம். பதினோரு அரசர்களில் இவ்வளவு உறுதியான பாதத்தைத் தாம் கண்டதில்லை என்றார்.

சிம்மாசனத்தில் ஏற்றும்போது முறைகளை அவரே விளக்கினார்: "மகாராஜா எழுந்தா நாங்க எல்லாரும் விழுந்துடுவோம். மகாராஜா உக்காந்தா முரசு அடிப்பான். முரசுச் சத்தம் கேக்கற வரைக்கும் எவன் தலை தூக்கினாலும் அந்தத் தலை அவனுக்கு இல்ல. எனக்கும் சேர்த்துத்தான். அதனால சும்மா சும்மா எழுந்திரிக்காதீங்க. எல்லாருக்கும் வயசாயிடுச்சு."

ஏழு மாதத்துக்குப் பிறகு இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவனுக்குத் தலையில் கிரீடம், அவளுக்கு முகத்தில் தனக்கா. சங்கு ஊதியது.

"நீதானாடி?" என்றான் தூன், உதட்டை அசைக்காமல்.

"வேற எவ? எளச்சிட்ட."

"நீ ஆக்கிப் போடலல்ல." உட்கார்ந்த இடத்தை விரலால் அமுக்கிப் பார்த்தான். "இது என்னடி, மெத்தையா?"

"பஞ்சு மெத்தை."

"நல்லாத்தான் இருக்கு." கிரீடத்தை லேசாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "வந்ததுதான் வந்தோம், ஒரு ரெண்டு நாள் இருந்து சாப்புட்டுப் போவோமா? மழை நேரம். பனையெல்லாம் வழுக்குது."

ஏழு மாதமாகப் பயப்படாத ஒரு பயம் தெய்ங்கிக்கு வந்தது. ஷின் ப்வாவுக்கும் பயப்படவில்லை, செத்த ராஜாக்களுக்கும் பயப்படவில்லை. இவன் கை அந்தக் கிரீடத்தைத் தொட்ட விதத்துக்குப் பயந்தாள்.

"இந்தா பாரு. இதே மெத்தையில மூணு பேரு உக்காந்து நான் பாத்துட்டேன். மூணு பேரும் ரெண்டு நாள்னுதான் நெனச்சானுங்க. நாளைக்குக் காலையில உனக்குப் பதினெட்டுச் சொல்லுல பேரு வெப்பாங்க. நாளன்னைக்கு நான் தூன்னு கூப்புட்டா நீ திரும்பிப் பாக்க மாட்ட. எனக்கு இந்த நாட்டுல மிச்சமிருக்கிறது நீ ஒருத்தன்தான்யா. உன்னையும் இவங்களுக்குக் குடுத்துட்டு நான் என்ன பண்ணுவேன்?"

தூன் கிரீடத்தைக் கழற்றி மெத்தையில் வைத்தான். எழுந்து நின்றான்.

இருநூறு பேர் தொப்பென்று விழுந்தார்கள். அமைச்சர்கள், படைத்தலைவர், பொன்னா, சங்கூதுகிறவர்கள், முரசுக்காரன், வெள்ளைக் குடை பிடித்தவன் குடையோடு. தெற்கு, மேற்கு, நடு ராணிகள் மூவரும் விழுந்தார்கள். ஷின் ப்வாவும் விழுந்தாள். ஏழு மாதத்தில் முதன்முறையாகத் தெய்ங்கியை யாரும் பார்க்கவில்லை.

அவள் தானாகக் காலைத் தரையில் வைத்தாள். தரை குளிர்ச்சியாக இருந்தது. இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு முதுகுகளுக்கு நடுவே நடந்தார்கள். வழியில் யாரோ ஒரு கிழவர் படுத்த நிலையிலேயே, "மகாராஜா உலாவுகிறார்" என்று பக்தியோடு முனகினார். முற்றத்தில் எட்டுப் பல்லக்குக்காரர்களும் கிடந்தார்கள். வடக்கு வாசலில் காவல்காரன் கிடந்தான். சாலைக்கு வந்ததும் ஒரு குட்டைத் தண்ணீரில் முகத்தைக் கழுவினாள். தண்ணீர் மஞ்சளாகிப்போனது. அங்கேயே உட்கார்ந்து மூச்சு முட்ட அழுதாள். பிறகு ஒரு பெரிய கொட்டாவி விட்டாள், எந்தத் திசை என்று பார்க்காமல்.

பனை மறுபடி பாளை விட்ட காலத்தில் தலைமை அமைச்சர் தீரியே அவர்கள் ஊருக்கு வந்தார். பட்டாபிஷேக ஆண்டு விழாப் பலகாரத்துக்குக் கருப்பட்டி கேட்டு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். தெய்ங்கி கொப்பரையைக் கிண்டிக்கொண்டிருந்தாள். தூன் கலயத்தோடு இறங்கி வந்தான். அடையாளம் தெரிந்துவிடுமோ என்று இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஆனால் அமைச்சர்கள் பனையேறிகளின் முகத்தையும் பார்ப்பதில்லை. தூனுக்குத் தைரியம் வந்தது.

"ராஜா எப்படி இருக்காருங்க?" என்று கேட்டான்.

"அற்புதமா இருக்கார்" என்றார் தீரி. "பட்டாபிஷேகத்தன்னிக்கு உலாவப் போனவர் இன்னும் உலாவிட்டு இருக்கார். நாங்க மறுநாள் மத்தியானம் வரைக்கும் குப்புறக் கிடந்தோம். அப்புறம் பொன்னாவுக்கு இடுப்பு புடிச்சிக்கிட்டதும் ஓலையைப் பார்த்து, உலா முடியற வரைக்கும் தலையைக் குனிஞ்சுக்கிட்டே வேலை பாக்கலாம்னு சொன்னார். அப்பலேருந்து நாடு எப்படி நடக்குதுங்கிற? ஒரு தடவை 'ஏன்'னு கேட்டதில்ல. நேத்துகூட ஒரு தீர்ப்புக்குத் தலையாட்டினார். நான் பன்னிரண்டு ராஜாவைப் பாத்தவன். இவரைப்போல ஒருத்தர் பொறக்கணும்."

தூன் திரும்பி நின்று சிரிப்பை அடக்கினான். தெய்ங்கியும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"நாடு சாயலீங்களா? வடக்கு அரண்மனை காலியாத்தானே கெடக்கும்?"

"அதெப்படி காலியா விடுவோம்? நாங்க எழுந்த அன்னிக்குச் சாயங்காலமே ஆள் கிடைச்சாச்சு. மீன் கொண்டுவந்த பொண்ணு ஒருத்தி. வெள்ளிக்கிழமை. மகாராணி ஆரம்பத்துல புருஷன்கிட்டப் போகணும்னு கொஞ்சம் அழுதாங்க. இப்ப அழறதில்ல, பேசறதும் இல்ல. ரொம்பப் பொருத்தமா அமைஞ்சுட்டாங்க."

தெய்ங்கியின் கை நின்றது.

"அவ பேரு என்னங்க?"

"யார் பேரு?" என்றார் தீரி. அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. கூடையை வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் புறப்பட்டார்.

வண்டிச் சத்தம் ஓய்ந்தது. பதனி பொங்கி விளிம்பு தாண்டியது. தூன் ஓடிவந்து கொப்பரையை இறக்கினான். "எங்கடி பாத்துட்டு நிக்கிற, தீயுது பாரு" என்றான். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வடக்கு வாசல் போகும் பாதையைப் பார்த்தாள்.

"அங்க போகாதடி" என்றான் தூன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு. "திரும்பப் புடிச்சு வெச்சா நான் என்ன பண்ணுவேன்?"

"உள்ள போகல. வாசல் வரைக்கும்தான்" என்றாள் தெய்ங்கி. "அவ புருஷன் அங்க நின்னுட்டு இருப்பான்யா."